முள்பந்தாய் உருளும் இராவணன் மீசை

காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்கரை மணலில் ஒரு முள்பந்து உருண்டு போகும். ஏறக்குறைய ஆள் தலையளவு இருக்கும். எடுக்கப் போனால் கையைக் குத்தும். குப்பை என்று நினைத்துவிட வேண்டாம். அது இராவணன் மீசை என்ற புல்லின் பெண் பூங்கொத்து. விதைகளோடு ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கிறது.

நெல்லிலும் கோதுமையிலும் ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் உண்டு. இதிலோ ஆண் செடி தனி, பெண் செடி தனி. மகரந்தத்தைச் சுமப்பது காற்றுதான். பெண் பந்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முள்ளும் உண்மையில் ஒரு கதிரின் தண்டு. அதன் அடியில் ஒரே ஒரு சிறுகதிர், அதாவது பூ இருக்கும் பகுதி; மேலே வெறும் ஊசி. முற்றியதும் பந்து முழுசாகக் கழன்றுகொள்ளும். நீண்ட முட்கள் காற்றைப் பிடித்துக்கொள்வதால் உருள்வதற்குத் தனி முயற்சி ஏதும் தேவையில்லை.

இந்தியா, இலங்கைக் கரைகளில் தொடங்கி மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனா, தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரை இதன் தாயகம். எங்கே போனாலும் கடலோர மணல்தான். 1768இல் தாவரவியலாளர் பர்மன் இதை வேறொரு பேரினத்தில் வைத்து விவரித்தார். 1912இல் மெரில் என்பவர் அறிவியல் பெயரை ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் என்று மாற்றினார். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் 'ஸ்பினிஃபெக்ஸ்' என்று சொல்கிறார்களே, அது டிரையோடியா. பெயர்தான் ஒன்று, புல் வேறு.

சரி, ஓடுகிற மணலில் இது எப்படி நிற்கிறது? நிற்பதில்லை, ஏறிக்கொண்டே போகிறது. கடற்காற்றில் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் நகரும். விறைத்த, ஊசிமுனை இலைகளுக்குள் நுழைந்ததும் காற்றின் வேகம் விழுந்துவிடும். தூக்கிவந்த மணலை அங்கேயே கொட்டிவிடும். வேறு செடியாக இருந்தால் மூச்சு முட்டிப் போயிருக்கும். இந்தப் புல்லின் ஓடுதண்டோ புதைந்த கணுக்களில் வேர்விட்டு, புதுக் குருத்தை மேலே அனுப்புகிறது. குருத்து இன்னும் மணலைப் பிடிக்கிறது, மறுபடி புதைகிறது. இப்படித்தான் மணல்மேடு வளர்கிறது. ஒரு கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரியும்: கணுவுக்குக் கணு வேர், பல அடி தூரத்துக்கு.

அப்புறம், உருண்டு போன அந்தப் பந்து? காற்று எங்கே தளர்கிறதோ அங்கே நிற்கும். மணல் வந்து விழுவதும் அதே இடத்தில்தான். முட்கள் உடைந்து சிதற, விதை புதைகிறது.