கல் பட்ட கண்ணாடியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளும்

கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு தமிழக எல்லையிலுள்ள புளியரை மலை வளைவுகளில் ஊர்ந்து ஏறும் டிப்பர் லாரிகள், இறங்கும்போது காலியாக, வேகமாக வருகின்றன. போன ஆடி மாதம் ஆரியங்காவுக்குப் போகும் வழியில் அப்படி ஒரு லாரியின் டயர் தெறித்த கல் என் கார் முன்கண்ணாடியில் 'டப்' என்று விழுந்தது. மிளகளவு ஒரு குழி. அதைச் சுற்றி நட்சத்திரம்போல மூன்று சிறு கீறல்கள்.

முன்கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல. சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. இப்படி அடுக்கும் முறைக்கு 1909-இல் காப்புரிமை பெற்றவர் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ். சிறு கல் பெரும்பாலும் வெளிக்கண்ணாடியை மட்டுமே உடைக்கும். அதனால்தான் வீட்டு வாசலிலேயே அதைச் சரிசெய்ய முடிகிறது.

கீறல் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் உள்ளே புகுந்த காற்று. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்குச் சுமார் 1.52, காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் ஒவ்வொரு எல்லையிலும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிவிடுகிறது. சாய்வாக வரும் ஒளி முழுவதுமே திரும்பிப் பளிச்சிடும். காற்றை வெளியேற்றிவிட்டுக் கண்ணாடிக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் கொண்ட ரெசினை, அதாவது ஒளி பட்டால் இறுகும் பிசின் போன்ற திரவத்தை, நிரப்பினால் அந்த எல்லை ஏறக்குறைய மறைந்துபோகிறது. நேந்திரங்காய் சிப்ஸ் கட்டிய காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் மறுபக்கம் தெரிகிறதே, அதே சங்கதிதான். காகித நார்களுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது.

கடையில் கிடைக்கும் பழுதுபார்க்கும் பெட்டியில் உள்ள உறிஞ்சியும் ஊசிக்குழாயும் கீறலுக்குள் ரெசினைச் செலுத்தும் வேலையை ஒழுங்காகச் செய்துவிடும். பலர் தடுமாறுவது அதற்கு அடுத்த கட்டத்தில், அதாவது மேற்பரப்பில். நானும் அங்கேதான் தடுமாறினேன். குழியில் ஒரு துளி விட்டு, அப்படியே வெயிலில் நிறுத்தினேன். அரை மணி கழித்துத் தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. மாலைக்குள் தூசி ஒட்டிக் கருத்துவிட்டது.

குற்றவாளி ஆக்சிஜன். இந்த ரெசின் அக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. புற ஊதா ஒளி பட்டதும் அதற்குள் இணையத் துடிக்கும் துண்டு மூலக்கூறுகள் உருவாகின்றன. அவை ஒன்றையொன்று பற்றிச் சங்கிலியாகும்போது திரவம் இறுகுகிறது. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் முந்திக்கொண்டு அவற்றைப் பிடித்துவிட்டால் சங்கிலி அங்கேயே நின்றுபோகும். அடியில் கல்லாக இறுகினாலும் மேலே ஒரு மெல்லிய படலம் திரவமாகவே தங்கிவிடுகிறது. பெட்டியில் ஒரு சிறு பிளாஸ்டிக் தாள் வைத்திருப்பது இதற்காகத்தான். துளியின்மேல் குமிழி இல்லாமல் அதைப் பரப்பினால் காற்று அண்டாது. ஒளி மட்டும் இறங்கும். பெட்டியிலேயே மிகவும் முக்கியமான பொருள் இதுதான் என்பேன்.

இறுகும்போது மூலக்கூறுகள் நெருங்குவதால் ரெசின் சற்றுச் சுருங்கும். மட்டமாக நிரப்பினால் கடைசியில் பள்ளம் விழும். ஆகவே துளி கொஞ்சம் மேடாக இருக்கட்டும். மேட்டை எடுக்கப் புதிய பிளேடு வேண்டும்.

செங்கோட்டையில் கண்ணாடி வேலை செய்யும் ஒருவர் என் கையைப் பார்த்ததும் சொன்னார்: "அண்ணாச்சி, சீவாதீர்கள், சுரண்டுங்கள்." பிளேடைச் சாய்த்தால் அதன் முனை ரெசினுக்கு அடியில் நுழைந்து துளியையே பெயர்த்துவிடுகிறது. கண்ணாடிக்குச் செங்குத்தாக நிறுத்தி, அழுத்தாமல் இழுத்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. ரெசின் கண்ணாடியைவிட மிகவும் மென்மையானது. ஆகவே மேடு தேய்ந்து கண்ணாடி மட்டத்துக்கு வந்ததும் பிளேடு வழுக்கத் தொடங்கும். அந்த மாற்றம் விரலுக்கே தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சாரல் காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கீறலுக்குள் ஈரம் இருந்தால் ரெசின் புக இடமில்லாமல் வெண்மையாகத் தங்கிவிடும். அதைவிட மோசம், நீர் கீறல் நுனியில் கண்ணாடியைப் பிடித்துவைத்திருக்கும் சிலிக்கா பிணைப்புகளை உடைத்து அதை நீளச் செய்கிறது. கல் பட்ட உடனே ஒளிபுகும் டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். நிரப்பும் வேலையை நிழலில் செய்யுங்கள், வெயிலில் என்றால் ஊசிக்குழாயிலேயே இறுகிவிடும். பிறகு வண்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள். ஒளி வெளிப்பக்கத்திலிருந்துதான் படவேண்டும், நடுப்படலம் புற ஊதாவைப் பெருமளவு தடுத்துவிடும்.

கீறல் கண்ணாடி விளிம்பைத் தொட்டிருந்தாலோ, ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருந்தாலோ நீங்களே கைவைக்காதீர்கள்.

இரண்டாம் முறை தாளை வைத்து இறுக்கி, சுரண்டி, நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தேன். நகம் எங்கும் தட்டவில்லை. அன்றிரவு புளியரையில் எதிரே வந்த பஸ்ஸின் விளக்கில் அந்த இடம் ஒரு மங்கலான புள்ளியாக மட்டும் தெரிந்தது. சாரல் பிடித்தபோது வைப்பர் அதன்மேல் சத்தமில்லாமல் போய்வந்தது.