வெயில்காப்பு: சன்ஸ்கிரீனுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

சன்ஸ்கிரீனைத் தமிழில் பலரும் ‘சூரியத் திரை’ என்று எழுதிவிடுகிறார்கள். சன் என்றால் சூரியன், ஸ்கிரீன் என்றால் திரை, கணக்கு சரிதான். ஆனால் சூரியத் திரை என்று கேட்பவருக்கு ஜன்னலில் தொங்கும் துணிதான் நினைவுக்கு வரும். முகத்தில் பூசும் கிரீம் வராது.

ஸ்கிரீன் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. குளிர்நாட்டு வீடுகளில் கணப்படுப்பின் அனல் நேராக முகத்தில் அடிக்காமல் இருக்க நடுவே ஒரு தட்டியை நிறுத்துவார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அந்தத் தட்டிக்குத்தான் ஸ்கிரீன் என்று பெயர். சினிமாத் திரையும் கைப்பேசித் திரையும் வெகு பின்னால் வந்த பொருள்கள். சன்ஸ்கிரீனில் இருப்பது அந்தப் பழைய தட்டி, அதாவது காப்பு.

முதல் பாதிக்குச் சூரியனைவிட வெயில் பொருந்தும். வெம்மை, வெப்பம், வெந்நீர் எல்லாவற்றுக்கும் உறவான பழஞ்சொல் அது. ‘வெயில்போலக் காயுமே’ என்று குறளிலேயே இருக்கிறது. சூரியன் வானத்தில் இருப்பது, வெயில் நம்மேல் விழுவது. ‘வெயிலில் கறுத்துப்போயிட்ட’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

காப்பு என்ற சொல்லைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காத்தல் என்பதிலிருந்து வந்தது. கையில் போடும் வளையத்துக்கும் நூலின் தொடக்கத்தில் பாடும் செய்யுளுக்கும் அதே பெயர். அதோடு கோயிலில் சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்கிறோமே, அங்கே காப்பு என்பது மேனி முழுக்கப் பூசிய பூச்சு. காக்கிற பொருள், உடம்பில் பூசுகிற பொருள் இரண்டும் ஏற்கெனவே ஒரே சொல்லில் இருக்கும்போது ‘பாதுகாப்புக் களிம்பு’ என்று நீட்டி எழுத வேண்டியதில்லை. இலக்கணப்படி வெயிற்காப்பு என்று புணரும். வழக்குக்கு வெயில்காப்பு போதும்.

‘வெயில் தடுப்பான்’ என்றும் எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் எந்தப் பூச்சும் முழுக்கத் தடுப்பதில்லை. இதே காரணத்துக்காகத்தான் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் கொண்டுவந்த விதியில் ‘சன்பிளாக்’ என்ற சொல்லை லேபிளில் போடக் கூடாது என்றது.

டியூபில் எஸ்பிஎஃப் என்று இருப்பதை வெயில்காப்பு எண் எனலாம். தோல் சிவந்து எரிச்சல் காண எவ்வளவு புறஊதாக் கதிர் தேவையோ, பூசிய பிறகு அதைப்போல எத்தனை மடங்கு தேவைப்படுகிறது என்பதே அந்த எண். 15 இருந்தால் தோலைச் சிவக்கவைக்கும் யுவிபி என்ற வகைப் புறஊதாக் கதிரில் சுமார் 93 சதவீதம் தடுக்கப்படும், 30-க்கு 97, 50-க்கு 98. எண் இரட்டிப்பானால் காப்பும் இரட்டிப்பாகும் என்று நினைத்துவிட வேண்டாம். ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும் யுவிஏ என்ற இன்னொரு வகைப் புறஊதாக் கதிர் பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது. அதற்கு பிஏ என்ற எழுத்துகளும் கூட்டல் குறிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். வெயில் என்ற சொல்லில் சூடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சுடவில்லை என்றால் ஆபத்தில்லை என்று தோன்றும். புறஊதாக் கதிர் சுடுவதே தெரியாது. கடற்காற்று குளுகுளுவென்று வீசும்போதும் அது தோலை எரிக்கும். நம் நிறத்துக்குக் கொஞ்சம் இயற்கைக் காப்பு உண்டு என்பது உண்மை, ஆனால் கன்னத்தில் வரும் மங்கு எனும் கருந்திட்டுகளை அது தடுத்துவிடாது.

அப்புறம், அளவு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் ஆய்வகத்தில் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசி, வெயிலில் நிற்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே, மறுபடி பூச வேண்டும்.