போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று

ஆடி மாதத்தில் காவல்கிணறிலிருந்து வள்ளியூர் வரை சைக்கிளில் போய்த் திரும்பிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "போகும்போதும் காற்று முகத்தில் அடித்தது, வரும்போதும் முகத்தில் அடித்தது. நடுவில் காற்று திசை மாறியிருக்குமா சார்?"

மாறியிருக்காது. அம்மியே பறக்கும் மாதம் அது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு புகுந்து, மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். அவர் போன சாலையோ ஏறக்குறைய தெற்கு வடக்கு. ஆக, இரண்டு தடவையும் அவருக்குக் கிடைத்தது பக்கக்காற்று. ஆனாலும் அவர் சொல்வது பொய்யில்லை.

ஒரு வழியில் இழந்த நேரத்தைத் திரும்பும் வழியில் மீட்க முடியாது என்பதைக் காட்டும் மலைச்சாலைக் கணக்கு ஒன்றை முதலில் முடித்துவிடலாம். 20 கி.மீ. ஏற்றத்தை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறினால் 2 மணி நேரம். அதையே 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் அரை மணி. சராசரி 25 இல்லை, வெறும் 16. எதிர்க்காற்றில் போய்ப் பின்காற்றில் திரும்பினாலும் இதே கதைதான்.

பக்கக்காற்றுதான் சுவாரசியம். சைக்கிள் 20 கி.மீ. வேகத்தில் வடக்கே போகிறது, காற்று 20 கி.மீ. வேகத்தில் மேற்கிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிதாகரஸ் தேற்றப்படி உங்கள் மேல் படும் காற்றின் வேகம் சுமார் 28. அது வருவதும் பக்கத்திலிருந்து அல்ல, 45 பாகை முன்னாலிருந்து. முகத்தில் அடித்தது இதுதான்.

சரி, அந்தக் காற்றில் முன்பின்னாக உள்ள பங்கு அதே பழைய 20தானே, கூடுதல் உழைப்பு எதற்கு? காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது என்பதால்தான். 28இன் வர்க்கம் 20இன் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கு விசை 45 பாகை சாய்வாக வருவதால், பின்னோக்கி இழுக்கும் பங்கு 1.41 மடங்கு. தடை வேகத்தோடு நேர்விகிதமாக மட்டும் ஏறியிருந்தால், பக்கக்காற்றால் நம் வேகத்துக்கு ஒரு பாதிப்பும் இருந்திருக்காது!

இந்த வர்க்கம் எங்கிருந்து வருகிறது? ஓடும் லாரிக்குள் பக்கவாட்டிலிருந்து ஒருவர் மூட்டைகளை எறிகிறார் என்று நினையுங்கள். மூட்டை லாரியை எதிர்த்து வரவில்லை. ஆனால் லாரியின் திசையில் அதற்கு வேகமும் இல்லை. விழுந்த ஒவ்வொரு மூட்டையையும் தன் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டியது லாரியின் பாடு. பக்கக்காற்றும் நொடிக்கு நொடி புதுக் காற்றைக் கொண்டுவந்து உங்கள் மேல் கொட்டுகிறது. அதை முன்னோக்கி இழுப்பது உங்கள் தொடைதான். சாதாரணமாக நிமிர்ந்து ஓட்டுபவருக்குக் காற்றில்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடைக்கே சுமார் 50 வாட் போகும். இந்தப் பக்கக்காற்றில் அது 70ஐத் தாண்டும்.

காற்றும் நீங்களும் ஒரே வேகம் என்றால், காற்று உங்களுக்கு உதவ ஆரம்பிக்க, சரியான பக்கவாட்டிலிருந்து இன்னும் 12 பாகை பின்னால் தள்ளி வீச வேண்டும். அதாவது 360 பாகையில் 204 பாகை பகை, 156தான் நட்பு. எந்தப் பக்கம் கிளம்பினாலும் காற்று நமக்கு எதிரி என்று புலம்புகிறவரை ராசி, ஜாதகம் என்று கேலி பண்ண வேண்டாம். கணக்கு அவர் பக்கம்தான்.

பந்தய சைக்கிள்களைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது விசிறியால் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடத்தில், வைத்துச் சோதிக்கக் கோடிகள் கொட்டுகிறார்கள். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளிலும் காற்றுச் சுரங்கங்கள் உண்டு. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும் சைக்கிளை அதில் நிறுத்திப் பார்க்க ஒரு சின்ன நிதி ஒதுக்கினால் என்ன? பக்கக்காற்றில் அதிகம் அடிபடுவது அந்தச் சைக்கிள்காரர்தானே.

அப்புறம், அந்த வாசகருக்கு ஒரு எச்சரிக்கை. வள்ளியூரிலிருந்து திரும்பும்போது நீங்கள் சாலையின் கிழக்கு ஓரத்தில் வருவீர்கள், காற்று வலப்பக்கம். விழாமலிருக்க உங்களை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்டுவீர்கள். லாரி ஒன்று முந்தும்போது காற்று சட்டென்று மறைந்து, அந்தச் சாய்வு உங்களை லாரிப் பக்கமே இழுக்கும். லாரி கடந்ததும் மறுபடி காற்று மோதி இடப்பக்கம் மண்ணுக்குத் தள்ளும். பின்னால் சத்தம் கேட்டதுமே ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து, ஓரம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.