எல் நினோ: காற்று தளர்ந்தால் கடல் ஏன் சூடாகிறது?

நிலநடுக்கோட்டு பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்கும் சில ஆண்டுகளில் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. வழக்கமான காலத்தில், பசிபிக் பெருங்கடலின் மேற்குக் கோடியில், இந்தோனேசியாவை ஒட்டிய கடல்மட்டம் கிழக்கே ஈக்வடார் கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய அரை மீட்டர் உயரம். வெப்பமும் சுமார் 8 டிகிரி செல்சியஸ் கூடுதல். இந்த மேட்டைக் கட்டியது காற்று. நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று, வெயிலில் சூடேறிய மேல்நீரை மேற்கே தள்ளிக் குவிக்கிறது. கிழக்கில் அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலேறுகிறது. பெரு நாட்டின் நெத்திலி வளம் அந்த நீரிலுள்ள சத்தை நம்பித்தான் இருக்கிறது.

மேற்கில் குவிந்த சூட்டால் அங்கே காற்று மேலெழும்புகிறது, மழை கொட்டுகிறது, காற்றழுத்தம் குறைகிறது. கிழக்கில் அழுத்தம் கூடுதல். இந்த வேறுபாடுதான் வணிகக் காற்றையே ஓட்டுகிறது. காற்று வெப்ப வேறுபாட்டை வளர்க்க, வெப்ப வேறுபாடு காற்றை வளர்க்கிறது. இந்தச் சுழலை 1969இல் வானிலையியலாளர் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார்.

வளர்க்கும் சுழல் குலைக்கவும் செய்யும். மேற்கு பசிபிக்கில் சில நாட்கள் காற்று எதிர்த்திசையில் வீசினால், குவிந்த சூடான நீர், நிலநடுக்கோட்டை ஒட்டி நகரும் கெல்வின் அலை என்ற நீண்ட அலையாகக் கிழக்கே புறப்பட்டு இரண்டு மூன்று மாதங்களில் தென் அமெரிக்கக் கரையைத் தொடும். மேற்பரப்பில் அதன் உயரம் சில சென்டிமீட்டர்தான். அடியிலோ, சூடான நீரையும் குளிர்நீரையும் பிரிக்கும் தெர்மோக்ளைன் அடுக்கைப் பல பத்து மீட்டர் கீழே அழுத்திவிடுகிறது. கிழக்கில் நீர் மேலேறுவது நின்றுவிடுகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் நிற்பதில்லை. மேலேறி வரும் நீர் சூடாக இருக்கிறது, சத்து குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். கிழக்கு சூடானதும் அழுத்த வேறுபாடு சுருங்கி, காற்று இன்னும் தளர்கிறது. எல் நினோ வளர்வது இப்படித்தான்.

இது முடிவதும் கடலுக்குள்ளேதான். எல் நினோவின்போது நிலநடுக்கோட்டில் சேர்ந்திருந்த வெப்பம் வடக்கும் தெற்குமாக வடிந்துவிடும். தெர்மோக்ளைன் மேலே வர, குளிர்நீருக்கு வழி பிறக்கிறது; பல சமயம் அடுத்து வருவது லா நினா, அதாவது இதே கடற்பகுதி வழக்கத்தைவிடக் குளிரும் எதிர்நிலை. ஒரு எல் நினோவுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். இதற்கு நாள் குறிக்க முடியாது.

மேற்பரப்பை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை கக்கிய துகள்கள் செயற்கைக்கோள் அளவீடுகளைக் குழப்பியதால், வலுவான எல் நினோ ஒன்று தாமதமாகவே அடையாளம் காணப்பட்டது. அதன் பிறகு நிலநடுக்கோட்டு பசிபிக்கில் நங்கூரமிட்ட சுமார் 70 மிதவைகள் 1994க்குள் அமைக்கப்பட்டன. 500 மீட்டர் ஆழம் வரை அவை வெப்பநிலையை அளக்கின்றன.

எல் நினோ அறிவிப்பைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய பகுதி நினோ 3.4. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 5, தெற்கே 5 டிகிரி வரை, மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 வரை பரந்த கடற்பரப்பு அது. அங்கே மூன்று மாத சராசரி வெப்பநிலை வழக்கத்தைவிட 0.5 டிகிரியோ அதற்கு மேலோ உயர்ந்து, காற்றும் மழையும் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். ஒரு வாரச் சூட்டை வைத்து எல் நினோ வந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. மார்ச் முதல் மே வரை வெளியாகும் முன்கணிப்புகளும் பலவீனமானவை, ஏனென்றால் அப்போது கிழக்கு-மேற்கு வெப்ப வேறுபாடு குறைந்து சுழலே தளர்ந்திருக்கும். ஜூன், ஜூலைக்குப் பிறகு வருவதை இன்னும் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம்.