உயர்த்திய பிக்அப்பும் பின்பக்கத்துச் சின்னக் கம்பியும்

போன இலையுதிர் காலத்தில் ஒரு தம்பி தன்னுடைய 1989ஆம் ஆண்டு ரொயோட்டா பிக்அப்பை ஒன்ராறியோவில் நான் வேலை செய்யும் கராஜுக்குக் கொண்டு வந்தார். முன்சில்லுகள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பைக் கழற்றிவிட்டு, பழைய பிக்அப் ஒன்றின், இரண்டு முன்சில்லையும் இணைக்கும் ஒற்றை அக்சிலை ஸ்பிரிங் தகடுகளோடு பொருத்தியிருந்தார். பின்பக்கத்துக்கும் உயரமான தகடுகள். வீட்டு வாசலில் வைத்து ஒரு கோடை முழுதும் செய்த வேலை. வண்டி 4 அங்குலம் உயர்ந்து வடிவாகத்தான் நின்றது. அவருடைய முறைப்பாடு ஒன்றுதான்.

"அண்ணை, பிரேக் அடிச்சா முன்பக்கம் குத்துது. பின்னுக்குப் பிடிக்கிற மாதிரியே இல்லை. புது பிரேக் ஷூ போட்டும் அப்பிடித்தான்."

கீழே படுத்துப் பார்த்தேன். அந்த வண்டியில் பின் அக்சிலுக்கும் மேலே சேசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இருக்கும் ஒரு பிரேக் வால்வுக்கும் நடுவே மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். பின்பக்கத்துப் பெட்டியில் பாரம் ஏறினால் சேசி தாழும், கம்பி வால்வைத் திறக்கும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பெட்டி வெறுமையாக இருந்தால் சேசி உயரும், அழுத்தம் குறையும். வெறும் பெட்டியோடு பின்சில்லு பூட்டிக்கொண்டு வண்டி சுழலாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வண்டியை 4 அங்குலம் உயர்த்தினால் அந்த வால்வுக்கு என்ன தெரியும்? பெட்டி எப்போதும் வெறுமை என்றுதான் எடுத்துக்கொள்ளும். பாரம் ஏற்றினாலும் பின் பிரேக் அரைகுறையாகவே வேலை செய்யும். அக்சில் பக்கத்துத் தாங்கியை உயர்த்திய அளவுக்கு மேலே தூக்கி வைத்து, கம்பியைப் பழைய கோணத்துக்குக் கொண்டு வந்தோம். பெரிய செலவில்லை. ஆனால் மூன்று மாதமாக அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் அப்படியே ஓடியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது.

இந்த அக்சில் மாற்றத்தை ஏன் செய்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. வட அமெரிக்காவில் 1979 முதல் 1985 வரை விற்ற ரொயோட்டா நான்கு சில்லு இழுவை பிக்அப்புகளில் முன்பக்கமும் ஒற்றை அக்சில்தான். 1986 மாடலில் அதை எடுத்துவிட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியோடு தனித்தனி அமைப்பைப் போட்டார்கள். சாலையில் அது சொகுசு. கல்லிலும் பள்ளத்திலும் ஒற்றை அக்சில்தான் நன்றாக வளைந்து கொடுக்கும், உயர்த்துவதும் சுலபம். அதனால் பழையதைத் தேடிப் பிடித்துப் புதியதில் போடுகிறார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அக்சிலும் ஸ்பிரிங்கும் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது பாதி வேலைகூட இல்லை.

ஸ்ரியரிங்கைப் பாருங்கள். சில்லு திரும்பும் அச்சு மேலே கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் திருப்பிய ஸ்ரியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டு வருகிறது. வண்டி உயர்ந்ததும், முன் அக்சிலைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் கோணம் செங்குத்தாகிறது என்று, அக்சிலைத் திருப்பி ஷாஃப்ட் வந்து சேரும் அதன் மூக்கை மேலே தூக்குவார்கள். மூக்கும் சில்லு திரும்பும் அச்சும் ஒரே இரும்பில் இருப்பதால் மூக்கு உயர உயரச் சாய்வு குறையும். அப்புறம் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்தால் போதும், முன்சில்லு இரண்டும் படபடவென்று ஆடத் தொடங்கும். ஒருமுறை அனுபவித்தவர் மறக்கமாட்டார். முறையான வழி, அக்சிலின் நுனியில், சில்லைத் தாங்கும் நக்கிள் பொருந்தும் பகுதியை வெட்டித் திருப்பி மறுபடி வெல்டிங் செய்வது. அது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை.

முன் அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவதை ஒருபோதும் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அக்சில் முறுகும், கட்டை நழுவும். அக்சிலை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டும் பழைய யூ போல்ட்டையும் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டிருக்கும். புதியது போட்டாலும் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும்.

இங்கே குளிர்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடுகிறார்கள். முப்பது வருடம் உப்பில் ஊறிய சேசி வெளியே நல்ல இரும்பு போல இருக்கும், சுத்தியலால் தட்டினால் பிஸ்கட் மாதிரி உதிரும். அப்படிப்பட்ட சேசியில் ஸ்பிரிங் தாங்கியை வெல்டிங் செய்தால் வெல்டிங் நிற்கும், பக்கத்து இரும்பு கிழியும். வாங்குவதற்கு முன்பே ஒரு சுத்தியலோடு போய்த் தட்டிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் வேறு வண்டி பாருங்கள்.

ஏற்கெனவே உயர்த்திய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வார இறுதியில் ஒன்று செய்யலாம். சேசியை உயர்த்தி, ஜாக்கை நம்பாமல் உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, சில்லுகளை முழுதாகத் தொங்கவிடுங்கள். ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ரப்பர் குழாய் எங்காவது இழுபட்டு விறைத்து நிற்கிறதா, ரயரில் உரசுகிறதா? குழாய் விறைத்திருந்தால் நீளமானது மாற்றும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். பின்னால் போய் அந்தச் சின்னக் கம்பியையும் பாருங்கள்.