செய்திப் பாலை

ஓர் ஊரில் வாழும் மக்களுக்குத் தங்கள் ஊரைப் பற்றிய நம்பத்தகுந்த செய்தி கிடைக்க வழியில்லாத நிலையையும், அந்நிலைக்கு ஆளான இடத்தையும் ஆங்கிலத்தில் ‘நியூஸ் டெசர்ட்’ என்கிறார்கள். இதைத் தமிழில் எழுதும்போது கை தானாகவே ‘செய்திப் பாலைவனம்’ என்று போகிறது. அதிலுள்ள ‘வனம்’ என்பதை விட்டுவிட்டுச் ‘செய்திப் பாலை’ என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து. சுருக்கமாக இருக்கட்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாலைவனம் என்று சொன்னால் ஒரு பொருளும், பாலை என்று சொன்னால் வேறொரு பொருளும் கிடைக்கின்றன. இங்கே நமக்கு வேண்டியது இரண்டாவது பொருள்.

ஆங்கிலச் சொல்லாட்சி தனியாகப் பிறந்ததன்று. அதற்கு முன்னோடியாக ‘ஃபுட் டெசர்ட்’, அதாவது உணவுப் பாலை, என்ற தொடர் 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் வழக்குக்கு வந்தது. அங்கே அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த ஒருவர் தம் பகுதியைப் பற்றிச் சொன்ன சொல் அது என்பார்கள். அந்தப் பகுதிகளில் கடையே இல்லை என்று பொருளன்று. பொட்டலத் தின்பண்டமும் குளிர்பானமும் வேண்டிய மட்டும் கிடைக்கும்; நடந்து போகும் தொலைவில் நல்ல காய்கறியும் பழமும்தான் கிடைக்கா. செய்தியைப் பற்றிப் பேசும்போதும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செய்திப் பாலையில் வாழ்பவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. உலகப் போர்களும் திரைப்பட வம்புகளும் அதில் இடைவிடாமல் ஓடுகின்றன. தம் தெருவுக்கு வரும் குடிநீர்க் குழாய்க்கான ஒப்பந்தம் யாருக்குப் போயிற்று என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

இத்தொடரை ஆய்வுச் சொல்லாக நிலைநிறுத்தியவர் பெனலோப் மியூஸ் அபர்னாதி. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, அமெரிக்கா முழுவதிலும் எந்தக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) எத்தனை இதழ்கள் உள்ளன, எவை நின்றுபோயின என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். அப்பணி பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளியில் தொடர்ந்தது. அப்பள்ளியின் 2024 அறிக்கைப்படி, 2005க்குப் பின் அந்நாட்டில் 3,200க்கும் மேற்பட்ட இதழ்கள் மறைந்துவிட்டன. உள்ளூர்ச் செய்திக்கு ஒரு வாயிலும் இல்லாத கவுண்டிகள் 206. மறைந்தவற்றுள் பெரும்பாலானவை சிற்றூர்களின் வார இதழ்கள். வீடு வாடகைக்கு, ஆள் தேவை, பழைய கார் விற்பனை என்று வந்துகொண்டிருந்த வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போயின. பின்பு கடை விளம்பரங்களும் போயின. இதழ்களை வாங்கிய முதலீட்டு நிறுவனங்கள் செலவைக் குறைக்க முதலில் கைவைத்த இடம் செய்தியாளர்களின் எண்ணிக்கை.

ஓஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரில் 1869இல் தொடங்கிய ‘தி விண்டிகேட்டர்’ நாளிதழ், 150 ஆண்டு நிறைவு கண்ட அதே கோடையில், 2019 ஆகஸ்ட் 31 அன்று நின்றுபோனது. பக்கத்து ஊரான வாரனிலிருந்து வரும் நாளிதழ் அதன் பெயரை விலைக்கு வாங்கி, அப்பெயரில் யங்ஸ்டவுனுக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. பெயர் பிழைத்தது, அதைத் தாங்கி நின்ற செய்தியறை பிழைக்கவில்லை.

பாலை என்றால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்குக் கலிபோர்னியாவின் பெல் நகரைக் காட்டலாம். லாஸ் ஏஞ்சலஸின் நடுப்பகுதியிலிருந்து காரில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய, ஏறத்தாழ 35,000 பேர் வாழும் உழைப்பாளர்களின் ஊர் அது. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் செய்தியாளர்கள் இருவர் பக்கத்து ஊரான மேவுட்டின் நிதி நெருக்கடியை விசாரித்துக்கொண்டிருந்தபோது, பெல் நகராட்சியின் சம்பளக் கணக்கு அவர்கள் கையில் சிக்கியது. நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சம்பளமே 4 லட்சம் டாலர்தான். பகுதி நேரப் பணியான மன்ற உறுப்பினர் பதவிக்கு, ஐவரில் நால்வர் தலைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நகர மன்றக் கூட்டங்களில் தவறாமல் உட்கார்ந்து குறிப்பெடுக்க உள்ளூர் இதழ் ஒன்று அப்போது இல்லை. அப்பெரிய நாளிதழ் அச்செய்திக்காக 2011இல் புலிட்சர் பரிசு பெற்றது. நகர மேலாளர் சிறைக்குப் போனார். ஆயினும், வேறோர் ஊரைத் தேடிப் போனவர்கள் கண்ணில் தற்செயலாகப் படும் வரையில் இவை ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருந்தன என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. ஆளில்லாத தொலைநிலம் என்னும் பொருள்படும் சொல் பெல் நகருக்குப் பொருந்தாது. அங்கே மக்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய நாளிதழ்களுள் ஒன்று கூப்பிடு தூரத்தில் இருந்தது.

‘பாலைவனம்’ என்ற சொல் இங்கேதான் நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. சகாரா, தார் என்னும் பெயர்களோடு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சொல் அது. இயற்கையாகவே மழையற்று, மணல் மூடிக் கிடக்கும் பரப்பு என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. அங்கே செடி முளைக்காததற்கு யாரும் பொறுப்பில்லை. பாலை என்ற பழஞ்சொல் அப்படிப்பட்டதன்று. ‘நடுவண் ஐந்திணை நடுவணது ஒழிய’ என்று தொல்காப்பியம் ஐந்திணையுள் நடுவிலுள்ள பாலையை ஒதுக்கிவிட்டு, மற்ற நான்குக்கே நிலம் வகுக்கிறது. உலகுக்கு நானிலம் என்று பெயர் வந்ததும் அவ்வகையில்தான். அப்படியானால் பாலை எங்கே இருக்கிறது என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை விடை சொல்கிறது:

‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்’

காடாகவும் மலையாகவும் இருந்த நிலமே முறைமை கெட்டு, தன் நல்லியல்பை இழந்து, தன்னிடம் வருவோரைத் துன்புறுத்தும் வடிவத்தைக் கொள்கிறது. எனவே பாலை என்பது இடத்தின் பெயராவதற்கு முன்பு ஒரு நிலையின் பெயர். முன்பு அங்கே வளம் இருந்தது, பின்பு ஒரு முறைமை குலைந்தது என்னும் இரண்டு செய்திகளும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் வேரும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. ‘டெசர்ட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்குக் ‘கைவிடப்பட்டது’ என்றே பொருள். படையை விட்டு ஓடியவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

‘செய்தி’ என்ற சொல்லையும் ஒரு கணம் நின்று பார்க்கலாம். செய் என்னும் வினையடியிலிருந்து வந்த அதற்குச் செயல் என்பது பழைய பொருள்களுள் ஒன்று. ‘செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’ என்னும் புறநானூற்று அடியில் ஒருவர் செய்த நன்மையை அது குறிக்கிறது. செய்யப்பட்டதைக் குறித்த சொல் நாளடைவில் செய்யப்பட்டதைப் பற்றிய தகவலையும் குறிக்கலாயிற்று. பெல் நகரில் செயல்கள் நடந்துகொண்டேதான் இருந்தன, அவை செய்தியாகவில்லை.

முறைமை குலைதல் என்பதற்கு நியூசிலாந்தின் கதையைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. தந்திச் செலவைத் தனித்தனியே தாங்க முடியாத அந்நாட்டு இதழ்கள் 1879இல் ஒன்றுகூடிப் பொதுவான ஒரு செய்தி முகமையை அமைத்துக்கொண்டன. நியூசிலாந்து பிரஸ் அசோசியேஷன் என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற அந்த அமைப்பு, நம் ஊர்க் குடிமராமத்தைப் போல இயங்கியது. ஏரியின் கரையைக் கட்ட வீட்டுக்கு ஓர் ஆள் போவதுபோல, ஒவ்வோர் இதழும் தன் ஊர்ச் செய்தியைப் பொதுக் குளத்தில் சேர்க்கும். மற்ற ஊர்ச் செய்திகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு சிறிய நகரத்தின் இதழ் தன்னிடமுள்ள நான்கைந்து பேரை வைத்துக்கொண்டே நாடு முழுவதன் செய்தியையும் தன் வாசகருக்குத் தர முடிந்தது. அந்தச் சிறிய நகரத்தின் செய்தியும் நாட்டின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தது. காலப்போக்கில் பெரும்பாலான நாளிதழ்கள் இரண்டு பெருங்குழுமங்களின் கைக்குப் போய்விட, போட்டியாளருக்கு நம் செய்தியை ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. இதழ்கள் தம் செய்தியைப் பகிரும் வழக்கம் 2006இல் நின்றது. பெருங்குழுமங்களுள் ஒன்றான ஃபேர்ஃபாக்ஸ் விலகப்போவதாக 2011இல் அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று முகமை மூடப்பட்டது. ஊருக்கு மழை குறைந்துவிடவில்லை. கரையைக் கட்டப் போவதை நிறுத்தினார்கள்.

அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸும் இதே போன்ற கூட்டுறவுதான். மெக்சிகோப் போர்ச் செய்தியைக் கொண்டுவரும் செலவைப் பங்கிட்டுக்கொள்வதற்காக நியூயார்க் நாளிதழ்கள் 1846இல் தொடங்கியது அது. கானெட், மெக்ளாட்சி என்னும் இரு பெரிய இதழ்க் குழுமங்கள் அதன் செய்தியை இனிப் பெறப்போவதில்லை என்று 2024 மார்ச்சில் அறிவித்தன. இந்நிறுவனங்களைத் தமிழில் ‘செய்தி நிறுவனம்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. அது நாளிதழ், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கும் பொதுவாகிவிடுவதால், பலருக்காகச் செய்தி திரட்டித் தரும் அமைப்பைச் ‘செய்தி முகமை’ என்று பிரித்து எழுதுவதே நல்லது.

இத்துறையில் இன்னொரு சொல்லும் நமக்குத் தேவைப்படுகிறது. பெயரும் முகப்பும் அப்படியே இருக்க, ஆட்கள் எல்லாரும் நீக்கப்பட்டு, வேறு ஊரில் தயாரான பக்கங்களோடு வெளிவரும் இதழை ஆங்கிலத்தில் ‘கோஸ்ட் நியூஸ்பேப்பர்’ என்கிறார்கள். ‘பேய் இதழ்’ என்றால் பேய்க்கதை வெளியிடும் பத்திரிகை என்றே தமிழ் வாசகர் நினைப்பார். சாறு பிழிந்த பின் கரும்பின் உருவம் மட்டும் எஞ்சுவதுபோல இருப்பதால், ‘சக்கை இதழ்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். இதனினும் பொருத்தமான சொல் கிடைத்தால் மகிழ்ச்சியுடன் ஏற்பேன்.

‘செய்தி வறட்சி’ என்ற மாற்றும் உண்டு. ஆனால் வறட்சி ஒரு பருவத்தில் வந்து போவது. அடுத்த மழையில் தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பைத் தருவது. ‘செய்தியில்லாப் பகுதி’ என்பது பிழையில்லாத சொல்தான். இழப்பு நேர்ந்ததை அது சொல்லாது. எழுதும்போது ‘செய்திப் பாலை’ என்று ஒற்று மிக வேண்டும். இதை வினையாகவும் ஆளலாம். பெல் நகரைப் பற்றி ‘அது பாலையாகத் திரிந்திருந்தது’ என்று எழுதலாம். யங்ஸ்டவுனைப் பற்றி ‘முழுப் பாலையாகவில்லை, திரியத் தொடங்கியது’ என்று எழுதலாம்.