காலையில் திறந்திருக்கும் இமை

மருத்துவர் முன்னால் காலை பத்து மணிக்கு உட்காரும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார், பிடிக்கலாம். ஆனால் அதே ஆளுக்கு மாலையில் ஒரு பக்க இமை சரியும். எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். இரவு இரண்டாவது தோசையை மெல்லும்போது தாடை ஓய்ந்துபோகும். எம்ஆர்ஐ நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல், நரம்புக் கடத்தல் சோதனையும் நார்மல். "டென்ஷனாக இருக்கும், நன்றாகத் தூங்குங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். தூங்கி எழுந்தால் இமை திறந்துதான் இருக்கும். அதனால் வீட்டிலும் நம்ப மாட்டார்கள்.

இப்படி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பிடிபடாமல் இருக்கும் நோய்களில் ஒன்று மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பிலும் பழுது இல்லை, தசையிலும் பழுது இல்லை. இரண்டுக்கும் நடுவில், தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில்தான் கோளாறு. அது எந்த ஸ்கேனிலும் தெரியாது.

அந்த இடைவெளியைத் தாண்ட நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. எதிர்க்கரையில் தசையின் மேல் இருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்தால் தசை சுருங்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சுரக்கும் அளவு எல்லோருக்குமே குறையும். தேவைக்கு மேல் ஏற்பிகள் இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. இந்த நோயில், கிருமிகளைத் தாக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பான்கள் என்ற புரதங்களே தவறாக ஏற்பிகளை அழித்துவிடுகின்றன. கையிருப்பு போய்விட்டதால், தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்தப் பலம் குறையும், ஓய்வெடுத்தால் திரும்பும். காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதுதான் காரணம். அது நடிப்பும் இல்லை, மனப்பிரமையும் இல்லை.

இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே, வெகுநேரம் பேசினால் பேச்சு நின்றுபோகும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதிவிட்டார். அப்புறம் 1934-ல், லண்டன் கிரீன்விச்சில் பணியாற்றிய மேரி வாக்கர் என்ற மருத்துவர் இந்நோய் கியுராரே என்ற அம்பு விஷத்தின் பாதிப்பைப் போலவே இருப்பதைக் கவனித்தார். அந்த விஷத்துக்கு மாற்றான ஃபைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டதும், தொங்கிய இமை சில மணி நேரம் நிமிர்ந்து நின்றது.

நோயை உறுதிசெய்யும் சோதனைக்கு வழி காட்டியது ஒரு பாம்பு. கட்டுவிரியன் கடித்தால் இமை தொங்கும் என்று நம் ஊரில் பலருக்குத் தெரியும். அதன் உறவான தைவான் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து 1963-ல் பிரித்தெடுத்த ஒரு நச்சு, இந்த ஏற்பிகளை விடாமல் பற்றிக்கொண்டது. அதை வைத்து ஏற்பிகளை எண்ணவும் பிரிக்கவும் முடிந்தது. 1973-ல் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் இருவரும் மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பிகளை முயல்களுக்குச் செலுத்தினார்கள். முயல்கள் எதிர்ப்பான்களை உண்டாக்கின. அவற்றின் தசைகள் துவண்டன. எதிர்ப்பான்தான் குற்றவாளி என்பதற்கு வலுவான சான்று அது.

அந்த எதிர்ப்பானை ரத்தத்தில் தேடும் சோதனை இப்போது உண்டு. ஆனால் இன்றும் சோதனைகள் தவறவிடுவதுண்டு. உடல் முழுவதும் பாதித்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அந்த எதிர்ப்பான் ரத்தத்தில் தெரியும். கண்ணை மட்டும் பாதித்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். "நெகட்டிவ்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலரிடம் 2001-ல் மஸ்க் என்ற வேறொரு புரதத்துக்கு எதிரான எதிர்ப்பான்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவர்களுடைய நோய் அதற்கு முன்பும் உண்மையாகத்தான் இருந்தது. நரம்பை நொடிக்கு மூன்று முறை தூண்டி, தசையின் பதில் 10 சதவீதத்துக்கு மேல் சரிகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. பாதிப்பு கண்ணில் இருக்க, கையில் சோதித்தால் அது நார்மல் என்றே வரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது எளிய சோதனைதான்: தொங்கும் இமைமேல் துணியில் சுற்றிய ஐஸை இரண்டு நிமிடம் வைப்பார்கள். குளிரில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி மந்தமாகும். இமை சற்று உயரும்.

மாலையில் இமை சரிந்திருக்கும்போது கைப்பேசியில் ஒரு படம், காலையில் ஒரு படம் என எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாமல் போனாலோ சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.